ஒருநாள் டைரக்டரின் பென்ஷன்

என் அக்காவின் கணவர் ஒரே ஒரு நாள் டைரக்டராக இருந்தார். சினிமா டைரக்டர் இல்லை, குடிநீர் வாரியத்தின் டைரக்டர். காலையில் பதவி ஏற்று, சாயங்காலம் பூங்கொத்தும் கையுமாக வீட்டுக்கு வந்துவிட்டார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன், அவர் என்னைச் சின்னவளே என்பார். அவரைத் தூக்கி வைத்துப் பேச நான் உட்காரவில்லை. அவர் மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. அதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

அவருடைய தொழில் தண்ணீர் மீட்டர். வீட்டு வாசலில் ஒரு மூடிக்குக் கீழே அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் கருவியைப் பெரும்பாலானவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மாமா மீட்டர் படிப்பவராகச் சேர்ந்தார். தெருத் தெருவாகக் குனிந்து முதுகைக் கெடுத்துக்கொண்டபின் பழுதுபார்க்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். கடைசியில் அந்தக் கொட்டகைக்கே தலைவரானார். நீளமான மேஜை, அதன் மேல் குடலை உருவிப் போட்ட மீட்டர்கள், பல்சக்கரங்கள் ஊறுகிற மண்ணெண்ணெய்த் தட்டு, மூலையில் ஒரு சோதனைத் தொட்டி. தொட்டியில் நாள் முழுக்கத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும், அதற்கு மேல் கத்தினால்தான் பேச்சு காதில் விழும். அப்படிக் கத்திக் கத்தி அவருக்கு மெதுவாகப் பேசவே வராமல் போய்விட்டது. வீட்டில் அவர் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டில் எடுத்து வைப்பார்கள்.

குரல் பெரிதென்றால் அபிப்பிராயம் அதைவிடப் பெரிது. நாட்டை எப்படி நடத்த வேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யார் வாயை அடைக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் அவரிடம் தீர்ப்பு தயாராக இருக்கும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கொட்டகையில் அவருக்குக் கீழே இருந்தவர்கள் ஒருவர்கூட அவரைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வாரியத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கெட்ட பெயரும் இல்லாமல் வேலையை முடித்துக்கொண்டு போகிறவருக்குக் கடைசி நாளில் டைரக்டர் பதவி கொடுப்பார்கள். கஜானா நிரம்பி வழிந்த காலத்தில் எந்த மந்திரியோ ஆரம்பித்து வைத்தது. நிஜ டைரக்டர் அன்றைக்குப் பக்கத்து அறைக்குப் போய்விடுவார். ஓய்வு பெறுகிறவர் பெரிய நாற்காலியில் உட்காருவார், தேநீர் வரும், போட்டோ எடுப்பார்கள், துடைப்பம் வாங்குவது மாதிரி ஏதாவது ஒரு சின்னக் கோப்பை நீட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். பார்ப்பதற்கு விளையாட்டு மாதிரி இருந்தாலும் சட்டப்படி அன்று முழுக்க அவர்தான் டைரக்டர். பென்ஷனையும் அந்தப் பதவியின் கணக்கில்தான் போடுவார்கள். அதனால் பெரிதாக ஒன்றும் கொட்டிவிடாது, கொஞ்சம் கூடும்.

மாமாவின் கடைசி நாளன்று அக்காவும் நானும் போயிருந்தோம். அக்கா அப்போது நன்றாக இருந்தாள். மாமா அந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைப்பிடிகளையும் தடவிப் பார்த்தார். துடைப்பக் கோப்பு வந்தது, கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"சார், அந்தக் குளோரின்காரர் கோப்பு உங்க ரூம்லதானே கிடக்குது? அதையும் கொண்டு வரச் சொல்லுங்க" என்றார் மாமா, நிஜ டைரக்டரிடம்.

குளோரின்காரர் என்பது வடிகட்டும் நிலையத்தில் குளோரின் சிலிண்டர் மாற்றுகிற தினக்கூலி ஆள். ஒரு விடுமுறை நாளில் வால்வு உடைந்து வாயு கசிந்தபோது உள்ளே போய் அடைத்தவர். அக்கம்பக்கம் பிழைத்தது, அவருடைய நுரையீரல் போய்விட்டது. விடுமுறை நாளில் அவரை யார் வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்பது எழுத்தில் இல்லை. அதனால் அவருக்குக் கொடுக்க வேண்டிய பென்ஷன் மேஜை மேஜையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கொடுக்கலாம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள், கையெழுத்துப் போட மட்டும் யாருக்கும் கை வரவில்லை.

டைரக்டர் சிரித்தார். "இன்னிக்குப் போய் அதெல்லாம் எதுக்கு சார்? வாங்க, கேக் வெட்டலாம்."

"நாளைக்குத் தணிக்கைக்காரங்க வந்து கேட்டா நீங்க பதில் சொல்லணும். அதான் உங்களுக்குப் பயம். நான் நாளைக்கு வீட்ல இருப்பேன். என்னை யாரு என்ன பண்ண முடியும்? குடுங்க சார்."

டைரக்டர் ஒரு நிமிடம் யோசித்தார். அவருக்கும் அது வசதியாகத்தான் பட்டிருக்கும். கோப்பு வந்தது, மாமா கையெழுத்துப் போட்டார், அடுத்த மாதத்திலிருந்து குளோரின்காரருக்குப் பென்ஷன் போக ஆரம்பித்தது. எனக்கு அன்று இது பெரிய விஷயமாகப் படவில்லை. பசி, கேக் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் மாமாவைப் பிடிக்க முடியவில்லை. வாசலில் பெயர்ப் பலகை மாட்டினார், பெயருக்குக் கீழே 'டைரக்டர் (ஓய்வு)' என்று பெயரைவிடப் பெரிய எழுத்தில். பார்சல் கொண்டுவந்த பையன் அதைப் படித்துவிட்டு "எந்தப் படம் சார் எடுத்தீங்க?" என்று கேட்டான். தெருவில் அவருக்கு ஒருநாள் டைரக்டர் என்றே பெயர் விழுந்துவிட்டது. கேலி என்று தெரிந்தும் அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. குழாய்ச் சாமான் கடைக்காரர் வந்து, "மீட்டர் ரிப்பேர் பாக்க ஆளே கிடைக்கல சார், சும்மா காலைல வந்து உக்காருங்க, நல்ல சம்பளம் தரேன்" என்று கெஞ்சிப் பார்த்தார். மாமா பலகையைக் காட்டினார். "டைரக்டரா இருந்தவன் கடையில ஸ்டூல் போட்டு உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

அடுத்த வருடம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு ஒரு தடவைக்கு ஒரு சொல், மனது வைத்தால் இரண்டு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள், நாள் முழுக்கப் பேசியே சம்பாதித்தவள். இப்போது வாயைத் திறந்து சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

பேச்சு போனதைவிட அவளை வதைத்தது வேறு. குளிப்பாட்டுவதற்கும் துணி மாற்றுவதற்கும் இன்னொருவர் கை வேண்டியிருந்தது. முதல் வாரம் மாமாதான் செய்தார். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அழுதாள். அத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் அவர் எதிரில் துணி மாற்றாதவள் அவள். "வேணாம், வேணாம்" என்பாள். அதனால் ஒரு அம்மாவை அமர்த்தினோம். நர்ஸ் படிப்பெல்லாம் படிக்காதவர், ஆனாலும் நாங்கள் நர்ஸம்மா என்றே கூப்பிட்டோம். காலையில் வந்து சாயங்காலம் போவார். அவர் கையில் அக்கா கூச்சமில்லாமல் இருந்தாள், கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தாள். பென்ஷனில் பாதி நர்ஸம்மாவுக்குப் போயிற்று. மாமா அதற்காக ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை.

அப்போதுதான் கஜானா காலி என்று செய்தி வந்தது. சாலை வேலைகள் நின்றன, ஆஸ்பத்திரியில் மருந்துக்கு வெளியே சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். யார் சம்பளத்தில் கை வைப்பது என்று ஊரெல்லாம் பேச்சு. முடிதிருத்தும் கடையில் மாமா தீர்ப்புச் சொன்னதை அந்தக் கடைக்காரரே பிறகு எனக்கு நடித்துக் காட்டினார்.

"மேல இருக்கறவங்ககிட்டதான் முதல்ல வெட்டணும். மீட்டர் படிக்கறவன் சம்பளத்துல வெட்டினா அவன் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட முடியாது. டைரக்டர் சம்பளத்துல வெட்டினா என்ன ஆகும்? ரெண்டாவது காரை விப்பாரு. அவ்வளவுதானே?"

அரசாங்கம் அவர் சொன்னதைக் கேட்டது மாதிரியே அறிவித்தது. டைரக்டர் பதவியிலும் அதற்கு மேலும் இருப்பவர்கள், இருந்தவர்கள், எல்லோருக்கும் சம்பளத்திலும் பென்ஷனிலும் மூன்றில் ஒரு பங்கு வெட்டு. டி.வி.யில் அதைக் கேட்டதும் மாமா நாற்காலியைவிட்டு எழுந்து கைதட்டினார். "போட்டான் பாரு போடு! இப்பத்தான் ஒரு அரசாங்கம் அரசாங்கம் மாதிரி நடக்குது" என்று அக்காவின் படுக்கைப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார். நானும் சேர்ந்து கைதட்டினேன்.

மாதம் பிறந்ததும் அவர் போனுக்குச் செய்தி வந்தது. வங்கியில் தப்பு நடந்துவிட்டது என்று கிளம்பிப் போனார். திரும்பி வந்தவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒருநாள் பதவியால் பென்ஷனில் கூடியது ஒரு பிடி, இப்போது போனது ஒரு கூடை. கொட்டகைத் தலைவராகவே ஓய்வு பெற்றிருந்தால் ஒரு காசு குறைந்திருக்காது.

தெரு சிரித்தது. "என்ன சார், ரெண்டாவது காரை வித்தாச்சா?" என்று முடிதிருத்துபவர் கேட்டாராம். மாமா பதில் பேசாமல் வந்துவிட்டார். அவர் பேசாமல் வந்தார் என்பதை அந்த மனிதரால் நம்பவே முடியவில்லை, சிரித்ததற்காக என்னிடம் வருத்தப்பட்டார்.

ஒருநாள் டைரக்டர்கள் வாரியத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். டிரைவர், தட்டச்சர், காவலாளி என்று எல்லோருக்கும் அடி. அவர்கள் ஒன்றாகப் போய்ச் சத்தம் போட்டதும் அரசாங்கம் ஒரு வழி விட்டது. ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். கடைசி நாள் பதவி வெறும் மரியாதைக்குத் தந்தது, அன்று நான் அந்தப் பதவிக்குரிய வேலை எதையும் செய்யவில்லை, அன்று போட்ட கையெழுத்து எதுவும் செல்லாது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய பதவியின் பென்ஷன் முழுசாகத் திரும்பி வந்துவிடும். எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு போய் எழுதிக் கொடுத்தார்கள். மாமா மட்டும் விண்ணப்பத்தை வாங்கி வந்து ஃபிரிட்ஜின் மேல் வைத்தார். அது அங்கேயே கிடந்தது.

நிஜ டைரக்டர்களின் கதை வேறு. அவர்கள் பணம் போட்டு வக்கீல் வைத்து வழக்குப் போட்டார்கள். மாமாவையும் சேரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதற்கும் முடியாது என்றுவிட்டார்.

நர்ஸம்மாவுக்குக் கொடுக்கப் பணம் போதவில்லை. நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். கண் பரிசோதிக்க வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்வது என் வேலை. என் சம்பளத்தில் கொஞ்சம் கொடுத்துப் பார்த்தேன், எட்டவில்லை. ஒரு நாள் வெடித்துவிட்டேன்.

"என்ன மாமா நெனச்சிட்டு இருக்கீங்க? ஒரு கையெழுத்து. போட்டா தீந்துது. அந்தப் பலகை மேல அவ்வளவு ஆசையா? அக்காவைவிட உங்களுக்கு டைரக்டர் பட்டம் பெருசா போச்சா?"

"போட முடியாது, சின்னவளே."

"அப்ப அந்தக் குழாய்க் கடைக்காவது போங்க."

"அதுவும் முடியாது."

"வீம்பு பிடிச்ச மனுஷன்" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தேன். இன்றைக்கும் அதற்காக வருத்தப்படவில்லை.

அந்த வாரமே ஒரு நாள் மத்தியானம் நான் அக்காவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் யாரோ நின்று நின்று ஏறி வரும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். ஒல்லியாக ஒருவர், சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். பேச ஆரம்பிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"டைரக்டர் சார் இருக்காரா?"

அந்தத் தெருவில் இருந்த யாரும் மாமாவைக் கேலியில்லாமல் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். குளோரின்காரர்தான். பென்ஷனையெல்லாம் வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பயந்து வந்திருக்கிறார்.

"எனக்கு நிறுத்திடுவாங்களா சார்? அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். என் வீட்டுக்காரி முன்ன வேலைக்குப் போயிட்டு இருந்தா. இப்ப என்னைப் பாத்துக்கறதால அவளாலயும் போக முடியல."

"உங்களுக்கு நிக்காது. நான் சொல்றேன்ல? தைரியமா வீட்டுக்குப் போங்க" என்றார் மாமா. கீழே வரை கையைப் பிடித்து இறக்கிவிட்டு வந்தார்.

நான் அதற்குள் ஃபிரிட்ஜ் மேலிருந்த விண்ணப்பத்தை எடுத்துப் படித்துவிட்டேன். முதல் தடவை அவசரத்தில் படித்தபோது பணம் திரும்பி வரும் என்பதைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் ஏறவில்லை. அன்று போட்ட கையெழுத்து எதுவும் செல்லாது. துடைப்பக் கையெழுத்துப் போனால் போகிறது. இன்னொரு கையெழுத்தில் ஒரு மனிதர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"இதை ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நாலு பேர்கிட்ட சொல்லுவே. அது அவர் காதுக்குப் போகும். அப்புறம் அவரே படி ஏறி வந்து, எனக்கு வேணாம் சார், நீங்க கையெழுத்துப் போட்டுக்கோங்கன்னு நிப்பாரு. அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

"இப்ப இருக்கற டைரக்டர் புதுசா ஒரு கையெழுத்துப் போடட்டுமே."

"புதுசா யாருக்கும் பென்ஷன் கிடையாதுன்னு உத்தரவு போட்டுட்டாங்க. விட்டா போனதுதான்."

"சரி, வழக்குலயாவது சேரலாமே. வெட்டே கூடாதுன்னுதானே வழக்கு? அதுல அவருக்கு ஒண்ணும் ஆகாதே."

"வெட்டணும்னு ஊர் பூராக் கத்தினவன் நான். அடுத்தவனை வெட்டும்போது நியாயம், என்னை வெட்டினா அநியாயமா? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்?"

அவர் சொன்னது புரிந்தது. கோபம் மட்டும் போகவில்லை, எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் கேட்டேன்: "அக்காகிட்ட கேட்டீங்களா?"

அவர் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் கேட்டார். படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவர் மெதுவாகப் பேசி நான் முதல் தடவையாகக் கேட்டேன். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "போடாதீங்க" என்றாள்.

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நர்ஸம்மா செய்றதெல்லாம் நான் செய்றேன், கூச்சப்படாதே" என்றார். அக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

"நீங்க வேணாம்" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "சின்னவ."

அப்படித்தான் அந்த வெட்டு என்னிடம் வந்து சேர்ந்தது. அரசாங்கம் மாமாவிடம் வெட்டியது, மாமா அக்காவிடம் வெட்டினார், அக்கா என்னிடம் வெட்டினாள். நான் டைரக்டரும் இல்லை, எனக்குப் பென்ஷனும் இல்லை, என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. நர்ஸம்மாவை நிறுத்திவிட்டோம். காலையில் போய் அவளைக் குளிப்பாட்டித் துணி மாற்றிவிட்டுக் கடைக்கு ஓடுவேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை, கடை முடிந்து ஒரு தடவை. தாமதமாக வருகிறேன் என்று முதலாளி என் சம்பளத்தைக் குறைத்தார். அவர்மேல் தப்பில்லை. காலையில் வருகிறவர்களுக்கு யார் எழுத்தைக் காட்டுவது?

இருந்தாலும் நான் செய்தேன். என் அக்கா அவள். ஆனால் அவள் எனக்காக என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியவில்லை. காய்ச்சல் வந்து, அடிவயிற்று வலியில் அவள் முனக ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் கொண்டுபோனோம். டாக்டர் சோதித்துவிட்டு எங்களைத் திட்டினார்.

"தண்ணியே குடிக்கறதில்லையா இவங்க? வீட்ல பாக்க மாட்டீங்களா?"

மாமா பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைப்பார், அவளால் இடது கையால் எடுத்துக் குடிக்க முடியும். தினமும் அவள் இரண்டு வாய் குடித்துவிட்டு மற்றதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த வாளியில் ஊற்றிவிடுவாள் என்பதைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். குடித்தால் நடுவில் யாரையாவது கூப்பிட வேண்டும். நான் மத்தியானம்தான் வருவேன். மாமாவைக் கூப்பிட அவளுக்கு மனமில்லை. அதனால் தண்ணீரை நிறுத்திக்கொண்டாள். வாழ்நாள் முழுக்க ஊருக்குத் தண்ணீர் அளந்தவர் வீட்டில் அவள் தாகத்தோடு கிடந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா சுவரைப் பார்த்து நின்றார், தோள் குலுங்கியது. நான் தேற்றப் போகவில்லை. எனக்கே தாங்கவில்லை.

அக்கா தேறி வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் நிஜ டைரக்டர் பார்க்க வந்தார். மாமாவுக்குக் கேக் வெட்டியவர், இப்போது அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். பழக்கூடையோடு வந்திருந்தார். வழக்கு ஜெயித்துவிட்டது, வெட்டியது முழுக்கத் திரும்பி வருகிறது, ஆனால் வழக்குப் போட்டவர்களுக்கு மட்டும்.

"அன்னிக்கே வாங்கன்னு சொன்னேனே சார்" என்று மாமாவிடம் வருத்தப்பட்டார். மனிதர் கெட்டவர் இல்லை. "எங்களையும் தப்பா நெனைக்காதீங்க. வேலைக்குச் சேரும்போது எங்களுக்கும் ஒரு வாக்கு குடுத்தாங்க. அதை நம்பித்தான் வீடு கட்டினோம், பிள்ளைங்களைப் படிக்க வெச்சோம். எல்லாம் முடிஞ்ச பிறகு மாத்தினா என்ன நியாயம்?"

"உங்களுக்கு அது நியாயம் சார், ஒத்துக்கறேன்" என்றார் மாமா. அவருடைய பழைய குரல் திரும்பியிருந்தது. "ஆனா கஜானாவுல இல்லாதப்போ மேல இருக்கறவன் கொஞ்சம் விட்டுக் குடுத்தாத்தானே கீழ இருக்கறவன் பிழைப்பான்? நான் விட்டுக் குடுத்ததுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. என் நியாயம் எனக்கு."

"எனக்கு?"

அக்காதான். படுக்கையிலிருந்து, தெளிவாக. நாங்கள் மூன்று பேரும் திரும்பினோம். அவள் மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு சொல்லுக்காக அவள் உதடு முயற்சி செய்தது, வரவில்லை. வந்திருக்கவும் வேண்டாம். டைரக்டர் பழக்கூடையை மேஜையில் கொஞ்சம் நகர்த்தி வைத்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்தார். மாமா அவரை வாசல் வரைகூடக் கொண்டுபோய் விடவில்லை.

மறுநாள் காலை நான் போனபோது மாமா வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். கொட்டகைக் காலத்துப் பழைய சட்டை, காலர் நைந்தது. எங்கே என்று கேட்டேன். "கடைக்கு" என்றார். எந்தக் கடை என்று கேட்கத் தேவைப்படவில்லை.

குழாய்ச் சாமான் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலம் அவர் வரும்போது நான் அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். கையைக்கூடக் கழுவாமல் நேராகக் கட்டில் அருகில் வந்தார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு, மண்ணெண்ணெய் வாசனை.

"நர்ஸம்மாகிட்ட பேசிட்டேன்" என்றார். "திங்கக்கிழமையிலேர்ந்து வராங்க. கடைக்காரர் முன்பணம் குடுத்துட்டார்."

அக்கா அந்தக் கைகளைப் பார்த்தாள். கடைக்காரர் எத்தனை தடவை வந்து கெஞ்சினார் என்பது அவளுக்கும் தெரியும். அந்த ஸ்டூலில் உட்காருவதற்கும் அரசாங்கத்துக்கும் சம்பந்தமில்லை, குளோரின்காரருக்கும் சம்பந்தமில்லை. அவள் வாய் திறந்தது.

"முன்னாடியே…" என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

"போயிருக்கணும்" என்றார் மாமா. "ஆமா. முன்னாடியே போயிருக்கணும்."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா இடது கையை நீட்டித் தண்ணீர் பாட்டிலைக் காட்டினாள். அவர் எழுந்து எடுத்துக் கொடுத்தார். முழு பாட்டிலையும் குடித்தாள்.